முசுறு வேஷம்

சில்வஸ்டர் வெறும் மருந்து டேங்கை முதுகில் ஏற்றும்போதே ஒரு முனகல் முனகுவார். வாரைத் தோளில் மாட்டி, கைப்பிடியை நாலு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டு தேயிலை வரிசைக்குள் இறங்குவார். டேங்கில் ஒரு சொட்டு கிடையாது. தேயிலை விலை படுத்ததிலிருந்து, தேவாலா பக்கத்து அந்த எஸ்டேட்டில் பூச்சிமருந்து வாங்குவதே நின்றுவிட்டது. மருந்தே இல்லாதபோது மருந்தடிக்கிறவர் எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய அன்றாடக் கவலை.

"வெறும் டின்னத் தூக்கவா இம்புட்டு மூச்சு வாங்குது?" என்பாள் மனைவி ராஜகுமாரி, கொழுந்து பறித்தபடி அடுத்த வரிசையிலிருந்து. மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் பம்படிப்பதை நிறுத்தமாட்டார்.

மருந்து நின்றதும் செடிகளில் சிலந்திகள் பெருகின. அவற்றில் எறும்பு வேஷம் போடும் தாவும் சிலந்திகள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். சிவந்த இனம் முசுறு போலவே இருக்கும். கடித்தால் பிடியை விடாத அந்தச் செவ்வெறும்புக்கு எஸ்டேட்டே பயப்படும். கறுத்து மெலிந்த இனம் கட்டெறும்பாக நடிக்கும். எட்டுக் காலில் முன்னிரண்டைத் தூக்கி மீசையாக ஆட்டிக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல எறும்புச் சாரையின் ஓரத்திலேயே திரியும்.

"முசுறுன்னு நெனச்சுக் குருவிகூடக் கொத்தாது. பொழைக்கத் தெரிஞ்ச பய" என்பார்.

புதிய மேனேஜர் ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. ஒரு காலை அவர் நேராக சில்வஸ்டரின் வரிசைக்கே வந்துவிட்டார். சில்வஸ்டர் காற்றை மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார். திடீரென மேனேஜர் துள்ளினார். சட்டைக் கையில் சிவப்பாக ஒன்று ஊர்ந்தது. முசுறு என்று நினைத்து அறையக் கையை ஓங்கினார்.

சில்வஸ்டர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அடிச்சிராதீங்க தொர. அது எறும்பு இல்லீங்க, சிலந்தி. சும்மா வேஷம் போடுது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல."

சிலந்தி இலைக்குத் தாவிக் காலை ஆட்டியது. மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு சில்வஸ்டரைப் பார்த்தார்.

"மருந்தடிச்ச செடியில சிலந்தி எப்படிய்யா உசுரோட இருக்கு?"

மேனேஜர் விரலை மடக்கி டேங்கைத் தட்டினார். கோயில் உண்டியல் காலியாக இருந்தால் வரும் சத்தம் வந்தது. ராஜகுமாரியின் கை செடிக்கும் கூடைக்கும் நடுவே நின்றது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மொதலாளி வர்றாரு. தோட்டத்துல வேல நடக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். தண்ணியாவது ஊத்திட்டு வாய்யா."

சில்வஸ்டர் தலையாட்டினார். வாரைச் சரிசெய்து, டேங்க் இப்போதே நிரம்பிவிட்டதுபோல முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தார்.