கொச்சங்காடியில் குறட்டைக்கு மூன்று வரி மருந்து

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், விடிகாலை நாலரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். நான் சரியாகத் தூங்கி நாற்பது வருஷம் ஆகிறது. அவரோ பஸ் நகர்வதற்குள் தூங்கிவிட்டார். பாலக்காடு சேர்வதற்குள் முன் சீட்டுக்காரர் எட்டுத் தடவை திரும்பிப் பார்த்தார். எட்டுத் தடவையும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன், இந்த ஆள் யாரோ எவரோ என்பதுபோல.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மகன் வீட்டில் எல்லோரும் படுப்பது ஒரே கூடம். பேரக்குழந்தைக்கு இரண்டு மாதம். தாத்தா குறட்டை விட்டால் அது அலறி எழும். மகன்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி, அப்பாவைக் கோயம்புத்தூரில் சின்னவன் வீட்டுக்கு அனுப்புவது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அண்டா ஒருவனுக்கு, குண்டான் ஒருவனுக்கு. பங்குனி பிறந்தால் பிரிவு. அதற்குள் குறட்டையை நிறுத்தியாக வேண்டும்.

பினாங்கில் சீனர் மருந்துக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்துத் தொழில் படித்த ஒருவர் மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் வைத்தியம் செய்கிறார் என்று மிளகாய் வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார்.

காலை ஏழு மணி. ஒலவக்கோட்டில் ரயில். ஆளுக்கு ஐந்து ரூபாய் நாற்பது பைசா. பதினொன்றே கால் மணிக்கு எர்ணாகுளம். ஜெட்டியில் இருபத்தைந்து பைசா கொடுத்து மட்டாஞ்சேரி போட்டில் ஏறினோம். வலது பக்கம் தூரத்தில் வல்லார்பாடம் தீவின் தென்னைகள் தெரிந்தன. கரையோரம் பெரிய பெரிய சீன வலைகள்.

"வலையெக் கொண்டுவந்ததே சீனாக்காரந்தானாமா. மீனைப் புடிச்சவனுக்கு உங்க கொறட்டை எம்மாத்திரம்?" என்றேன்.

அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மட்டாஞ்சேரி. அங்கிருந்து கொச்சங்காடிக்கு ஒரு மைல் நடை. வழி நெடுகச் சரக்கு அடுக்கிய கிட்டங்கிகள், சுக்கும் மிளகும் மூக்கைக் குடையும் வாசம். என் முழங்கால் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. வைத்தியரின் கடை ஒரு கிட்டங்கிக்குப் பக்கத்தில், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகளோடு இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். பெஞ்சில் உட்கார்ந்த இவர் சாய்ந்தார், ஆரம்பித்தார்.

வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்த சுமட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மே, இதென்னா, போட்டு எஞ்சின் கரைக்கு ஏறி வந்துருச்சா?"

"ஆமா சேட்டா. ஒரு மூட்டைக்கு என்ன கூலி? இதையும் கொஞ்சம் தூக்கிட்டுப் போயேன்."

"ஐயோ, இந்தச் சத்தத்துக்குத் தனிக்கூலி தரணும்."

இரண்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். வைத்தியர் ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு, "நாக்கைக் காட்டுங்கோ" என்றார்.

பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இதென்னா, சேச்சி? வெள்ளை ஒண்ணும் காணலியே?"

"எப்படி இருக்கும்? சீன வைத்தியர்கிட்டப் போறோமேன்னு ரெண்டு தடவை வழிக்கச் சொன்னேன். அழுக்கு நாக்கோட வந்தா நம்ம ஊருக்கில்லே கேவலம்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க வைத்தியத்திலே அந்த அழுக்குத்தான் புஸ்தகம். நீங்க அதைக் கழுவிட்டு அட்டையைக் கொண்டுவந்திருக்கீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "போகட்டே. நாக்கு சொல்லாததை நீங்க சொல்லணும். ராத்திரி சத்தம் நடுவிலே நின்னுபோகுமா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் சத்தத்தைத்தான் கேட்டார்கள்.

"நிக்கும்" என்றேன். "மூச்சே இருக்காது. நான் பத்து எண்ணுவேன். அப்பறம் காலாலே ஒரு உதை. பொறண்டு படுப்பாரு, மறுபடியும் வரும். நாப்பது வருஷமா இதுதான் எனக்கு ராத்திரி வேலை."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "கனவுலே மாடு ஒதைக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அது நீயா, அம்மிணி?"

"மாடு ஒதைச்சாப் பாலாவது கெடைக்கும்."

வைத்தியர் சிரிக்கவில்லை. உடம்பில் ஈரமும் கபமும் தேங்கினால் காற்றுப் போகிற வழி இடுங்கிவிடும், வயிறு கெட்டால் கபம் கூடும் என்றார். இவர் முழங்காலுக்குக் கீழே இரண்டு ஊசி குத்திக் கால் மணி நேரம் வைத்திருந்தார். ராத்திரி தயிரும் பழமும் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். "மூச்சு நிக்கிறது கூடினா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். அப்ப என் ஊசி மட்டும் போதாது. அதுவரைக்கும் நீங்க உதைக்கிறதை நிறுத்தாதீங்கோ" என்றார்.

கோயம்புத்தூரில் யார் உதைப்பார்கள்?

"அதையும் சீட்டிலே எழுதுங்க" என்றேன்.

"எதை?"

"பக்கத்திலே ஆளு படுக்கணும்னு. மருந்துன்னே எழுதுங்க. பழகின ஆளுன்னு போடுங்க, இல்லாட்டிப் புதுசா யாரையாவது வெச்சுருவாங்க."

அவர் இரண்டு வரி எழுதியிருந்த மருந்துச் சீட்டைத் திரும்ப எடுத்தார். பிறகு மலையாளத்தில் மூன்றாவது வரியை எழுதினார். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. எங்கே எழுதினார் என்பதை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மருந்தும் கூலியும் பதினொரு ரூபாய்.

ஐந்து மணி போட்டில் திரும்பினோம். இவர் தூங்க, நானும் அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். யார் திரும்பிப் பார்த்தார்களோ, தெரியாது.

மறுநாள் காலை பெரியவன் சீட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தான். "காய்ந்த ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் கஷாயம். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால்." மூன்றாவது வரியில் நின்றான். மறுபடியும் படித்தான், சத்தமில்லாமல். என்னைப் பார்த்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"என்ன கண்ணு, கெடைக்காத மருந்தா?"

அவன் சாயங்காலத்துக்குள் பின்கட்டு அறையிலிருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அங்கே இரண்டு பாய் விரித்தான். குழந்தைக்கும் சத்தம் கேட்காது.

மட்டாஞ்சேரியில் இன்னும் பார்க்க எவ்வளவோ இருக்கிறதாம். நான் பார்த்தது இழுப்பறைகள் அடுக்கிய ஒரு சுவரும் மூன்று வரிச் சீட்டும்தான். குறட்டை பாதி குறைந்தது. மீதிக்கு என் கால் போதும்.