பதினேழாம் நம்பர் கார்டின் நாலு மூலை

என் கோபம் ஊரறிந்தது. கலெக்டர் ஆபீசில் நான் கைப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு இவளிடம் பேசலாமா கூடாதா என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் முடிவு பண்ணுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் பொறுமையாகச் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். கிரிக்கெட் கார்டைத் தபாலில் அனுப்பக் கட்டுவது.

சூயிங்கம் வாங்கினால் கூடவே ஒரு கார்டு கொடுத்தார்களே, அதுதான். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் நம்பர். மொத்தம் ஐம்பது. கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்க்க ஆரம்பித்தேன். பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்கு எது எதுக்கு என்று நான்தானே முடிவு பண்ண வேண்டும்? பம்பாய் மிட்டாய் தகர டப்பாவில் போட்டு, கல்யாணமாகி வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அவை ஆல்பத்தில், கார்டுக்கு ஒரு பாக்கெட் என்று உட்கார்ந்திருக்கின்றன.

என்னைப் போலப் பைத்தியங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள் என்பது போனில் ஒரு குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒருவரிடம் இரண்டாக இருப்பதை இன்னொருவருக்கு அனுப்புவோம், அவரிடமிருந்து நம்மிடம் இல்லாததை வாங்கிக்கொள்வோம். எல்லாம் தபாலில்தான். இதில் உயிர்நாடி கார்டின் நாலு மூலை. மூலை கூராக இருந்தால்தான் அது கார்டு. கொஞ்சம் மழுங்கினாலும் வெறும் அட்டைத்துண்டு.

அதனால் கட்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கார்டை முதலில் மெல்லிய உறையில் போட வேண்டும். அப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சொருக வேண்டும். வாயை டேப்பால் ஒட்டும்போது டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட வேண்டும், பிரிக்கிறவர் கத்தியைத் தேடக் கூடாது. முன்னும் பின்னும் கார்டைவிடப் பெரிய அட்டை. அதன்மேல் குமிழ் பிளாஸ்டிக். கடைசியில் சின்னப் பெட்டி. பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினால் சத்தம் வரவே கூடாது. சத்தம் வந்தால் முதலிலிருந்து கட்டு.

அட்டைக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் தேரடி வீதியில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் எவ்வளவு ஜாஸ்தியோ அவருக்கு அவ்வளவு கம்மி. நான் கட்டுகிறபோது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தொட விட்டதில்லை.

என்னிடம் நாற்பத்தொன்பது கார்டுகள் இருந்தன. முப்பத்திரண்டாம் நம்பர் மட்டும் இல்லை. தூத்துக்குடியில் மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒருவரிடம் அது இரண்டு இருந்தது. அவருக்கும் ஒன்றுதான் குறை, பதினேழு. என்னிடம் பதினேழு இரண்டு! இப்படிப் பொருந்துவது லேசில் நடக்காது. பதினேழாம் நம்பருக்கு அவர் ஒன்பது வருஷமாக அலைகிறார். யாரோ வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பியவர். முதல்முறை போனில் பேசியபோது, “மூலை எப்படிக்கா இருக்கு?” என்றுதான் கேட்டார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போய்விட்டது. வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே நாளில் அனுப்புவது என்று பேசிக்கொண்டோம். மூலைக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள் என்பதை மறந்தே போனேன். போதாக்குறைக்குப் பௌர்ணமி வேறு. காலை ஏழரைக்கே ஆபீசிலிருந்து போன், உடனே வரச் சொல்லி. கார்டை வெள்ளைத் துணிமேல் எடுத்து வைத்திருந்தேன், உறையில்கூடப் போடவில்லை. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக டவுனுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் வீட்டுக்காரர் கடையை மெதுவாகத்தான் திறப்பார்.

“ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் நீங்க கட்டி அனுப்பிடுறீங்களா? எப்படின்னு தெரியும்ல?” என்றேன்.

“இத்தனை வருசமா பாத்துக்குனுதான இருக்கேன். நீ போம்மா,” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, அனுப்பியாச்சு என்று ரசீதைக் காட்டினார். கை கழுவியது முதல் டேப் நுனியை மடித்தது வரை வரிசையாக ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. டீ கொண்டுவந்து நீட்டினார். டம்ளரைப் பிடித்திருந்த விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

“இன்னாங்க இது விரல்ல?”

“மஞ்சள்தான். முதல்ல நாலு மூலைக்கும் வெச்சிட்டுத்தான் உறைல போட்டேன். பௌர்ணமியும் அதுவுமா நல்ல காரியத்துக்குப் போவுது, மொட்டையாவா அனுப்புறது?”

“எதோட மூலைக்கு?”

“கார்டுக்குத்தான்.”

இருபது வருஷமாகப் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாண வீட்டுக்காரர் கையில் கொடுக்கிற மனுஷர். நாலு மூலையும் கூராக ஓர் அட்டை எதிரில் இருந்தால் அந்தக் கை சும்மா இருக்குமா? இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிற நியாயம். அன்றைக்கு நான் கத்திய கத்தலில், கிரிவலம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தண்ணீரில் குழைத்த மஞ்சள்! அட்டை ஊறாமல் என்ன செய்யும்? “தப்பு பண்ணிட்டேன்மா,” என்றார். அதில் என் கோபம் இன்னும் ஏறியது.

தூத்துக்குடிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். நாலு மூலையிலுமா என்று கேட்டார். பிறகு, “வரட்டும்க்கா, பாப்போம்,” என்றார்.

மூன்றாம் நாள் போட்டோ அனுப்பினார். நாலு மூலையிலும் நாலு விரல் பதிவு, பளிச்சென்று. ஒரு மூலை உப்பி, தாள் பிரிந்து நின்றது. கீழே, “வந்துட்டுக்கா. நல்லாத்தான் இருக்கு,” என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதே நாள் அவர் அனுப்பிய முப்பத்திரண்டு என் கைக்கு வந்தது. அப்பழுக்கு இல்லை. எடுத்து ஆல்பத்தில் சொருகினேன். ஐம்பதும் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த நாள், பார்த்தால் வாயெல்லாம் கசப்பு. அவர் ஆல்பத்தில் அந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு நாள் ஆல்பத்தைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். என்னிடம் இன்னொரு பதினேழு இருக்கிறது. அது என் செட்டில் உள்ளது. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய சூயிங்கத்தில் வந்தது. அதைக் கொடுத்தால் எனக்கு மறுபடி நாற்பத்தொன்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஆல்பத்திலிருந்து உருவினேன்.

“அது உன்னோடதாச்சே,” என்றார் வீட்டுக்காரர்.

“வாக்கும் என்னோடதுதான்,” என்றேன். ஒரு வாரத்தில் அவரிடம் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு அது. “சும்மா நிக்காதீங்க. கையக் கழுவிட்டு வந்து அட்டையப் புடிங்க.”

வந்து உட்கார்ந்தார். நான் கட்டினேன், அவர் பிடித்துக்கொண்டார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பெட்டியை ஆட்டிப் பார்த்தோம். சத்தமில்லை. மறுநாள் தபால் ஆபீசுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அது தூத்துக்குடி போய்ச் சேர்ந்த அன்று அவர் வீடியோ காலில் வந்தார். பிரித்தார். கார்டைப் பார்த்தார். போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் மனைவிதான் போனை எடுத்து, “மூஞ்சி கழுவப் போயிருக்காவ,” என்று சொன்னார். திரும்பி வந்தவர் ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒவ்வொரு கார்டாகக் காட்டினார். முழுக்கப் பார்த்தேன். இப்படி ஒரு சந்தோஷத்தை உட்கார்ந்து பார்ப்பது எனக்கும் பிடித்திருந்தது. முடிவில், “அந்த மஞ்சக் கார்ட என்னக்கா செய்ய?” என்று கேட்டார். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். காலியாக இருக்கும் இடத்தில் அதையாவது வைக்கலாம் என்று கணக்கு.

ஒரு சாதாரணக் கவரில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். யாரும் சீந்தாத கார்டுக்கு அதுவே ஜாஸ்தி. வந்ததோ பெரிய பெட்டி. அதற்குள் இன்னொரு பெட்டி. குமிழ் பிளாஸ்டிக் மூன்று சுற்று. முன்னும் பின்னும் அட்டை. டேப் நுனிகளை அழகாக மடித்திருந்தார். முப்பத்திரண்டாம் நம்பரைக்கூட மனுஷர் இவ்வளவு பத்திரமாகக் கட்டவில்லை. கெட்டி உறைக்குள் கார்டின் நாலு மூலையிலும் பஞ்சை மெல்லிசாகப் பிரித்து வைத்திருந்தார். கூடவே மருந்துக்கடைச் சீட்டில் ஒரு வரி: ‘மஞ்சள் உதிராம இருக்கத்தான் பஞ்சு வெச்சிருக்கேன்.’

நான் அதைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய், சீட்டை வாங்கிப் படித்தார். கார்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இதை இனிமே யாராவது வாங்குவாங்களா?” என்று கேட்டார்.

“யாரும் வாங்க மாட்டாங்க.”

“அப்போ?”

“அப்போ இன்னா, நம்மகிட்டயே இருக்கும்,” என்று சொல்லி, பதினேழாம் பாக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவரையே அதில் சொருகச் சொன்னேன்.