அரை டம்ளர் வரக்காப்பி

எவர்சில்வர் டம்ளரை அவர் எப்போதும் இரண்டு கையாலும்தான் வாங்குவார். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, கொஞ்சம் குனிந்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. “அரை டம்ளர் போதுமுங்க அம்மணி” என்பார். காரமடையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஊருக்குக் கிராமச் செவிலியராக நான் போன புதிது. துணை சுகாதார நிலையத்து போர் மோட்டார் எரிந்துபோயிருந்தது. கழற்றிக்கொண்டு போய், புதிதாகக் கம்பி சுற்றி, மறுநாள் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். வரக்காப்பி போட்டு நீட்டினேன். அவர் வாங்கிய விதத்தைப் பார்த்து எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது. என்ன பணிவு, என்ன மரியாதை, நம்ம பக்கத்து மனுசர் மனுசர்தான் என்று அன்றைக்கு வீட்டில் போய்ப் பெருமை பேசினேன். நர்ஸ் படிப்புப் படித்தவள் பேசுகிற பேச்சா அது? கை நடுங்குகிற ஆள் டம்ளரை எப்படிப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் பார்த்தது மரியாதையை மட்டும்தான்.

ஊருக்குள் அவரை எல்லோரும் மோட்டார்க்காரர் என்பார்கள். முடி கனத்துக்கு இருக்கிற செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி உள்ளே இறக்குகிற நுணுக்கமான வேலை. அவர் சுற்றிய மோட்டார் சீக்கிரம் எரியாது என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். “காலைல ஒரு கட்டிங் உள்ள போனாத்தானுங்க அவருக்குக் கம்பி நேராச் சுத்தும்.” நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். குடித்து ரகளை செய்கிறவர் இல்லை. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இருபது வருசமாகக் காலையில் எழுந்ததும் குடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்ன என்று நான் யோசிக்கவில்லை.

அந்த வருசம் குடியை நிறுத்த ஊர் ஊராக விழிப்புணர்வு செய்யச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. நோட்டீஸ் கொடுத்தால் யார் படிக்கிறார்கள்? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடக்கூடாது. தொட்டால் முனியப்பன் சும்மா விடமாட்டார் என்று பயம். அந்தக் கயிற்றையே நம் வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன? முகாமைக் கோயில் வாசலிலேயே போட்டேன். மேலதிகாரிகள் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் ஆளாக யாரைக் கூப்பிடுவது? எல்லோருக்கும் பிடித்த ஆளாக இருக்க வேண்டும். நேரே மோட்டார்க்காரர் பட்டறைக்குப் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க இத்தன தூரம் வந்து சொல்றீங்க, மாட்டேன்னு சொல்ல வாய் வருங்களா?” என்றார். கொஞ்ச நேரம் கம்பியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங் அம்மணி, ஒரேயடியா உட்டர்றதுங்களா, இல்ல கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கறதுங்களா?” என்று கேட்டார். தன் உடம்பை அறிந்த மனுசன் கேட்ட கேள்வி அது. நான் சொன்ன பதிலை இன்றைக்கும் என் காதே எனக்குச் சொல்லிக்காட்டுகிறது. “கயிறு கட்டினப்புறம் என்னங்கண்ணா கொஞ்சம்? சாமிகிட்டப் போய்ப் பேரம் பேசுவீங்களா?” அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். “சரிங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டிக்கொண்டார். அவர் கும்பிட்டபடி நிற்கிற படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அத்தனை கட்டைவிரலையும் நான் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தைகள் அழுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் சம்சாரம் போன் செய்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “நேத்துலருந்து ஒரே வேர்வைங்க. தூங்கவே இல்லீங்க. செவுத்துல எறும்பு போகுதுங்கறாரு, ஒண்ணையுங் காணமுங்க.” அது குடியின் ஏக்கம், மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும், வெளியே மட்டும் விடாதீர்கள் என்றேன். பிறகு அவரே போனை வாங்கினார். குரல் உடைந்து உடைந்து வந்தது. “ஒரே ஒரு மூடி, அம்மணி. நீங்க சொன்னாத்தான் இவ குடுப்பா. நடுக்கம் மட்டும் நிக்கட்டுமுங்க.” நான் அதட்டினேன். வயதில் மூத்தவரை, என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்ற மனுசனை, “வெக்கமா இல்லீங்களா?” என்று கேட்டேன். “சரிங்க” என்று வைத்துவிட்டார். அக்கா நான் சொன்னபடியே கதவை வெளியே தாழ் போட்டார். சாயங்காலம் வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வந்து டவுனுக்குக் கொண்டுபோகும்போது மறுபடி இரண்டு தரம் வந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை, பொறுமையாகச் சொன்னார். இத்தனை வருசம் தினமும் காலையிலேயே குடித்த உடம்பில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாதாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மாத்திரை ஊசி கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டுமாம். “உங்களுக்குப் பயிற்சியில சொல்லியிருப்பாங்களேம்மா” என்றார். சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பு. நான் குறிப்புக்கூட எடுத்திருந்தேன்.

ஊர் வேறு கதை பேசியது. கடைசி இரண்டு நாள் அவர் உளறியதையும் தள்ளாடியதையும் அக்கம்பக்கம் பார்த்திருந்தது. கயிறு கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகக் குடித்தான், முனியப்பன் கேட்டுவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். இழவுக்கு வந்தவர்களே காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால்தான் செத்தார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால், அப்படியானால் யார் சொல்லி நிறுத்தினார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்குப் பயந்து, ஒரு நல்ல மனுசன் பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவரைச் சாகவிட்டது மறதி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

வேலையில் மட்டும் திருந்தினேன். எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இப்போது கோயில் வாசலில் பூசாரிக்கு முன்னால் என் மேஜை இருக்கிறது. கயிறு கட்ட வருகிறவர்களுக்கு முதலில் வரக்காப்பி, முழு டம்ளர். எத்தனை வருசமாகக் குடிக்கிறீர்கள், காலையில் முதல் வாய் எப்போது, அதற்கு முன்னால் கை நடுங்குமா என்று கேட்பேன். ஆமாம் என்றால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு, பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தபிறகுதான் கயிறு. அங்கே போய்ச் சேருகிறவரை வழக்கத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவேன். பூசாரியிடம் தயங்கித் தயங்கித்தான் இதைப் பேசினேன். “பத்து நாள்தானுங்களே, சாமி எங்க போயிரப்போவுது? இருக்குமுங்க” என்று சொல்லிவிட்டார்.

போன ஆடியில் லாரி ஓட்டுகிற ஒருவர் என் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு கயிறு கட்ட வந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உசுரக் காப்பாத்திப்போட்டீங்க, நல்லா இருப்பீங்க” என்று அழுதாள். அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? மேஜையை மடக்கிவைத்துவிட்டு அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு வருசத்துக்கப்புறம்.

வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, எனக்கு முன்பே தெரிந்திருந்தது, இழவு வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தது. அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. “அப்ப அவரு குடிக்கவே இல்லீங்களா?” என்றார்.

“இல்லீங்கக்கா. கடைசி வரைக்கும் இல்லீங்க.”

“குளிப்பாட்டும்போது அந்தக் கயித்த நாந்தானுங்க அறுத்தேன். பொய்ச் சத்தியம் பண்ணுன கயிறு எதுக்குன்னு குப்பைல வீசிப்போட்டனுங்களே.”

எழுந்து உள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார் என்று செருப்பை மாட்டப் போனேன். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் யார் வந்தாலும் வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் இல்லை. வரக்காப்பி கொண்டுவந்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். அப்படியும் விளிம்பு தாண்டி விரலில் வழிந்தது.

அக்கா ஒரே ஒரு தரம்தான் பார்த்தார். “கை நடுங்குதுங்க அம்மணி” என்றார். “கீழ வெச்சுட்டு, மெதுவாக் குடிங்க.”