லாரி பேட்டரி வேண்டாங்க

காரமடைக்கு மேலே, மின்கம்பி எட்டாத மலையூர் ஒன்றில் என் அக்கா அன்புச்செல்வி நர்ஸாக இருந்தாள். ஓர் அறக்கட்டளையின் சிறு மருத்துவமனை. கூரையில் சோலார் தகடுகள், உள்ளே தடுப்பூசி மருந்துக்கு ஒரு பிரிட்ஜ். வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வாங்கிய லாரி பேட்டரிகள் இரண்டு வருடத்தில் இரண்டு முறை செத்துப்போயின. 1996இல் அறக்கட்டளைச் செயலாளர் சென்னகேசவன், கோவை ஆர்.எஸ்.புரத்து மில் முதலாளி, கறாராகச் சொல்லிவிட்டார்:

"இன்னொருக்கா பேட்டரி போச்சுன்னா பிரிட்ஜைக் கீழ எறக்கிருவேன் அம்மணி. ஊசி போட காரமடைக்கு நடக்கட்டும்."

பதினாறு கிலோமீட்டர், கைக்குழந்தையோடு.

அக்கா செத்த பேட்டரி ஒன்றை பஸ்ஸில் போட்டு மதுக்கரைக்குக் கொண்டுபோனாள். அங்கே சிமெண்ட் லாரிகளுக்கு பேட்டரி பார்க்கும் யாகூப் மூடியைத் திறந்தார்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"சிறுவாணிங்க. செயலாளர் ஊட்டுலருந்தே மாசாமாசம் கேன்ல வருதுங்க."

யாகூப் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "ஏனுங்க, சிறுவாணி நமக்கு அமிர்தம், பேட்டரிக்கு வெசமுங்க! காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஆகும்."

சிறுவாணித் தண்ணீரின் சுவையே உலகத்தில் உசத்தி என்னும் கோவைக்காரர்களிடம் இதைச் சொல்லி நம்பவைப்பது லேசா?

"இன்னொண்ணுங்க. லாரி பேட்டரி ஒரே உதையில வண்டியக் கெளப்பத்தான். உங்க பிரிட்ஜு நாள் முச்சூடும் உறிஞ்சும். தடிச்ச தகடு போட்ட டியூபுலர் பேட்டரி வாங்குங்க."

சென்னகேசவன் கொதித்தார். "நாலு லாரி பேட்டரி வாங்கற காசுக்கு ரெண்டா? எங்க ஊட்டுத் தண்ணியில குத்தமா?"

"குத்தம் உங்க மேல இல்லீங்க. ரெண்டே போதும். போச்சுன்னா பிரிட்ஜோட நானும் எறங்கிர்றேனுங்க," என்றாள் அக்கா.

நானோ வேலைக்குப் போயிருந்த தோஹாவிலிருந்து, 'எதுக்கு வம்பு, அவர் சொன்னதையே வாங்குக்கா' என்று எழுதினேன். நல்லவேளை, கடிதம் போய்ச்சேர மூன்று வாரம் ஆனது; அதற்குள் டியூபுலர் இரண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு மலையேறிவிட்டன.

ஜூலையில் மலையை மேகம் மூடியது. ஐந்து நாள் வெயிலே இல்லை. இதற்குமுன் இரண்டாம் நாளே பிரிட்ஜ் அணைந்துவிடும். ஆறாம் நாள் காலை சென்னகேசவனே ஜீப்பில் வந்து, நனைந்த செருப்போடு உள்ளே நுழைந்து, பிரிட்ஜின் தெர்மாமீட்டரைக் கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்து டிகிரி. எட்டைத் தாண்டினால்தான் மருந்து கெடும்.

"பிரிட்ஜு இங்கயே இருக்கட்டும் அம்மணி," என்றார்.

அக்கா மருந்தை வெளியே எடுத்து முதல் ஊசியை நிரப்பினாள். வாசலில் முப்பத்தொரு தாய்மார்கள் காத்திருந்தார்கள். முதல் குழந்தை போட்ட அலறலில் மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொண்டன.