யஸ்னா வீட்டு நாலாம் வகுப்பு

சிலோயே தீவில், அன்குத் ஊரில் ரொட்டி சுட்டு விற்பவள் யஸ்னா. மகள் மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டைக் கொடுக்க ஒரு நாள் பள்ளிக்கூடம் போனாள். ஒன்பது வயது ரயென் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தினமும் அங்கேதான் நிற்கிறாள் என்று காவலாளி சொன்னார். பிள்ளைக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் ஓயாது, அது ஏடிஎச்டி என்று டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தக் காகிதத்தைப் பள்ளியில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. யஸ்னா மகளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

வீட்டிலும் முதலில் பள்ளிக்கூடம் மாதிரியே நடத்தினாள். மேசை, மணி, முக்கால் மணி நேரப் பாடம். இரண்டு வாரத்தில் இருவருக்கும் அழுகைதான் மிச்சம். ஆறாவதோடு நின்றவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கணவன் எலியாசர் கேலி செய்தான்.

ஒரு மழை நாளில் அவள் எரிமலைப் பாடத்தை வாசிக்க, ரயென் பெஞ்சிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். யஸ்னா வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடினாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? தீக்குழம்பு கடல்ல விழப்போற நேரத்துல?"

தொங்கியபடியே, அதுவரை வாசித்ததை ஒன்று விடாமல் சொன்னாள் பெண். யஸ்னா மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தாள். மறுநாள் மணி பரணுக்குப் போனது. பத்து நிமிடம் பாடம், பிறகு கடற்கரை வரை ஒரு ஓட்டம். பெருக்கல் வாய்ப்பாடு மாவு பிசையும்போது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு நவம்பரில் அரசுத் தேர்வு. வெளியே காத்திருந்த யஸ்னா, பாதி நேரத்தில் மகள் வாசலில் நிற்பதைப் பார்த்தாள்.

"என்னடி, வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்லம்மா. எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. முற்றத்துல ரெண்டு சுத்து ஓடிட்டு வரட்டுமான்னு நானே கேட்டேன். சரின்னாங்க."

ஓடினாள், மூச்சு வாங்க உள்ளே போனாள். முன்பின் தெரியாதவரிடம் வாய்திறந்து கேட்டிருக்கிறாளே என்று யஸ்னா முந்தானை இல்லாத குறைக்குக் கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழுக்கு நாலு எடுத்தால் தேர்ச்சி. ரயென் கணக்கில் நாலே கால், அறிவியலில் ஆறரை. அஞ்சாவதும் வீட்டிலேயே என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள். எலியாசர் மதிப்பெண் தாளை இரண்டு முறை படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீன்பண்ணைக்கு வேலைக்குப் போனான். அங்கே ஒருத்தர் விடாமல் காட்டினானாம்.