அக்கா பாடுவதற்காகப் பெய்த மழை

வாத்தியம் இல்லாமல் பாடுவதென்றால் ஆர்மோனியம் வாங்க வக்கில்லாத பள்ளிக்கூடம் என்றுதான் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அர்த்தம். கண்டிப் பக்கமிருந்து புதிதாக வந்த சங்கீத டீச்சர், தானே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டைப் ஒரு போட்டிக்காக, வாத்தியமே இல்லாமல் பாடப் பன்னிரண்டு பொம்பிளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் ஒரே மாதிரிப் பாடவும் கூடாதாம். மூன்று கூட்டமாகப் பிரிந்து ஒரே நேரத்தில் மூன்று மெட்டில் பாட வேண்டுமாம். திருவிழாக்களில் தப்படிக்கும் எங்கள் மாமாவுக்கு இது பெரிய மனவருத்தம். "நா வேணும்னா ஒரு ஓரமா நின்னு அடிக்கிறேங்க டீச்சர்" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவிட்டுப் போன மாமா, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை.

நான் மேல்குரல். பத்து வயதில் கத்துவதற்கும் பாடுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பதினான்கு வயது அக்காதான் கீழ்க்குரல், அதற்கு அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு அவள் முதலில் சுதியைப் பிடிப்பாள். அதைக் கேட்டுத்தான் மற்றப் பதினொரு பேரும் ஆரம்பிப்போம். அவள் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் நாங்களாகப் பாடிப் பார்த்தோம். பாட்டு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒருத்திக்கும் எட்டாமல் நின்றுவிட்டது. "ஒங்க அக்கா வராட்டி நாம போட்டிக்குப் போகவே வேணாம்" என்றார் டீச்சர்.

போட்டி கேகாலையில், ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அக்கா அம்மாவோடு மலைக்குப் போயாக வேண்டும். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான் பேர் பதிந்த வேலையாள். சரிவில் விழுந்ததிலிருந்து அவளுக்குத் தோள்பட்டையில் வலி. அவள் பால் வடிய ரப்பர் மரங்களின் பட்டையைக் கீறி வெட்டிக்கொண்டு போவாள். அக்கா பின்னால் வாளியோடு போய்ச் சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்ப்பாள்.

"அன்னக்கி மட்டும் விடும்மா" என்று அக்கா கேட்டாள்.

"மரம் காஞ்சிருந்தா வெட்டணும்டி. மழ பேஞ்சா போயிட்டு வா" என்றாள் அம்மா.

அது அம்மா போட்ட சட்டம் இல்லை. நனைந்த மரத்தை வெட்டினால் பால் பட்டையெல்லாம் பரவி வீணாகும். அதனால் மழை நாளில் ரப்பர் மலையில் யாருக்கும் வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அக்கா மறுபடி கேட்கவில்லை. தினமும் வானத்தைப் பார்த்தாள். அது நீலமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். நாளைக்கு மழை பெய்தால் ஒரு மாதம் தேத்தண்ணியில் சீனி போட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். என் வயதுக்கு அது பெரிய தியாகம்.

விடியும்போது தகரத்தில் சடசடவென்று விழுந்தது. அக்கா இரண்டு தரம் தலை வாரினாள். கேகாலை மண்டபத்தில் மற்றப் பள்ளிக்கூடங்களெல்லாம் மேளதாளத்தோடு முடித்த பிறகு, நாங்கள் வெறும் கையோடு நின்றோம். யாரோ சிரித்தார்கள். அக்கா சுதியைப் பிடித்தாள். சிரிப்பு அடங்கியது. இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவராக இருந்த சிங்கள அம்மா இறங்கி வந்து, அக்காவின் முகவாயைப் பிடித்து "ஹரி லஸ்ஸனய்" என்றார். அதற்கு ரொம்ப அழகு என்று அர்த்தம் என டீச்சர் எங்களுக்குச் சொன்னார். அன்றைக்கு இருந்ததுபோல் அக்கா சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை, அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி.

மழை நிற்கவில்லை. மூன்று வாரம் மரங்கள் நனைந்தபடியே நின்றன. அம்மா காலையில் எழுந்து வாசலில் நிற்பாள், பிறகு கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். வீட்டில் முதலில் தீர்ந்தது சீனி. என் வேண்டுதலை நான் மறந்துவிடாமல் அம்மனே பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் சோறு கஞ்சியானது, கஞ்சியும் ஒரு வேளையானது. கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கப் பிள்ளை கேட்கிறார்கள் என்று பெரியப்பா வந்து சொன்னார். அம்மா வெளியில் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தாள். அக்கா தானாகவே உடுப்புகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

ரம்புக்கனை ஸ்டேஷனில் அம்மாவும் பெரியப்பாவும் டிக்கெட் எடுக்கப் போனார்கள். போகிறவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் அந்த ரகசியத்தைச் சொன்னேன்.

"அக்கா, அந்த மழைய நாந்தான் அம்மன்கிட்ட கேட்டேன். நீ பாடணும்னு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். தாவணி நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"இத யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத. நீயும் மறந்துரு."

வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது, அதற்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ரயில் போனது. அடுத்த வருடப் போட்டிக்கு அக்கா வருவதற்கு இதைவிடப் பெரிய மழையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி பஸ்ஸில் ஏறினேன்.