எட்டேகால் மணிக்குக் காலியான பாலோ திடல்

கோபத்தோடு எழுதப்பட்ட பயணக் கட்டுரைகளை நான் பெரும்பாலும் பாதியில் மூடிவிடுவேன். அதனால் இதை எழுதவே கொஞ்சம் தயங்கினேன். ஆனால் பாலோ இசை விழாவுக்கு அடுத்த ஆண்டு போகலாமா என்று தேடுகிறவர்கள் எப்படியும் இந்தப் பக்கத்துக்கு வருவார்கள். வழியும் செலவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அங்கே நாங்கள் என்ன செய்துவிட்டு வந்தோம் என்பதும் தெரிய வேண்டும்.

விழா பற்றித் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாலோ டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடலில் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஒரே நாள், எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வரும் பாடகர்தான் கடைசியில் பாடுவார். உள்ளூர்க் குழுக்களுக்குப் பிற்பகல் மூன்று மணி வெயில். அவற்றில் ஒன்று பாலோவைச் சேர்ந்த ‘ஒன்பதாங்கட்டை’. ஐந்து பேர், சொந்தப் பாட்டுகள், பாடுவது தேவி அக்கா. சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் பாடாமல் ஒரு திடலை நிற்க வைக்கிற குழு ஜொகூரில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கடைசி மேடையை இந்தக் குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இந்த ஆண்டு ரசிகர்கள் இணையத்தில் மனு போட்டுக் கேட்டோம். தொடங்கியது ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் இருக்கும் முகிலன் அண்ணன். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏற்பாட்டாளர்கள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். இது ஒரு சோதனை. கூட்டம் கடைசிவரை நின்றால் இனிமேல் உள்ளூர்க் குழுதான் விழாவை முடித்து வைக்கும், நிற்காவிட்டால் பழையபடிதான். போஸ்டரில் ‘ஒன்பதாங்கட்டை’ என்ற பெயர் எல்லோருக்கும் மேலே பெரிதாக வந்தது. முகிலன் அண்ணன் ‘கடைசி மேடை நமக்கே’ என்று சட்டை அச்சடித்தார். கறுப்பில் மஞ்சள் எழுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தெப்ராவிலிருந்து காலை பத்து மணிக்கு அவருடைய வேனில் கிளம்பினோம். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, சிம்பாங் ரெங்கத்தில் இறங்கி, குளுவாங் வழியாகப் போக வேண்டும். எங்கும் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வண்டி எண்ணெய்க்கும் டோலுக்கும் சேர்த்து ஆளுக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்). நுழைவுச்சீட்டு அறுபது. முன் இருக்கையில் யூசுப், தெப்ராவில் அவன் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது, அவன் மட்டும் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். வழியில் செடெனாக்கில் பிரேமா அக்காவை ஏற்றிக்கொண்டோம். முகிலன் அண்ணன், யூசுப், பிரேமா அக்கா மூவருமே தினமும் கோஸ்வே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் சண்டை சிம்பாங் ரெங்கம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

“போஸ்டர்ல யாரு பேரு மேல இருந்தா என்னா? மெயின் ஆளு சென்னைக்காரருதான்” என்றான் யூசுப். “அவரு வரலன்னா இந்த வெயில்ல எவன் வருவான்?”

“அவரு பாதிப் பாட்டுக்கு வாயசைக்கிறாருடா” என்றார் முகிலன் அண்ணன். “போன வருஷம் மைக்கை எறக்கிட்டுத் தண்ணி குடிக்கிறாரு, பாட்டு பாட்டுக்குப் போவுது.”

“அது கோரஸ்.”

“கோரஸும் அவரு குரல்லயேவா?” என்றார் பிரேமா அக்கா.

பிறகு குளுவாங் மண்டபக் கதை வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ‘ஒன்பதாங்கட்டை’ பாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல் தேவி அக்கா பாட்டை முடித்தார். முகிலன் அண்ணன் அதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தாளம் போடுவார்.

“முக்கால் மணி நேரம்டா. இருட்டுல. ஒருத்தன் அசையல.”

“அண்ணே, கரண்ட் போனது பத்து நிமிஷம்” என்றான் யூசுப். “நீங்க சொல்றப்பல்லாம் கூடிக்கிட்டே போவுது. இன்னும் ரெண்டு வருஷத்துல விடிஞ்சிரும் போல.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் ஒரு நினைவு இருக்கிறது, போன ஆண்டு மூன்று மணி வெயில். நானூறு ஐந்நூறு குடைகள். மூன்றாவது பாட்டில் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. நான் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்த காலம் அது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் தண்ணீர்ப் புட்டியை என்னிடம் நீட்டினார், பாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். இதை நான் வண்டியில் சொல்லவில்லை.

திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. வண்டி நிறுத்த பத்து வெள்ளி. சாப்பாட்டுக் கடைகள் பரவாயில்லை, கோழிப் பிரட்டல் சோறு பன்னிரண்டு வெள்ளி. கழிவறை ஆறுதான், பெண்கள் வரிசை எப்போதும் நீளம். நான்கு மணிபோல் அந்த வரிசையில் எனக்கு முன்னால் தேவி அக்கா நின்றிருந்தார். நான் பேசுகிறவள் இல்லை, ஆனாலும் வாழ்த்துச் சொன்னேன். கடைசி மேடைக்காகக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

“ஓ, அது நீங்கதானா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா இருங்கம்மா. ஆனா எங்களை ஒரு வார்த்தை யாரும் கேக்கலயே.”

எனக்குப் புரியவில்லை.

“நாளைக்குத் திங்கக்கெழம. இங்க நிக்கிறதுல பாதிப் பேரு காலையில நாலு மணிக்குப் பாலத்துல நிக்கணும். எங்க டிரம்மரே ஆறு மணிக்குச் சிங்கப்பூர்ல, துவாஸ்ல இருக்கணும், அவன் பாட்டுக்குப் புலம்பிக்கிட்டு உக்காந்திருக்கான். மூணு மணின்னா எங்களுக்கு ஆளு இருந்துச்சு. கேக்குறதுதான் கேட்டீங்க, சனிக்கெழமையா கேட்டிருக்கக் கூடாதா?” என்று சிரித்துவிட்டு, கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார்.

வரிசையில் நின்றபடியே நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். சென்னைப் பாடகர் ஐந்தரைக்கு. ஏழு மணிக்கு உரைகள். அதன்பின் அதிர்ஷ்டக் குலுக்கல், முதல் பரிசு மோட்டார் சைக்கிள். அதற்கும் பிறகு எட்டேகாலுக்கு ‘ஒன்பதாங்கட்டை’. ஜொகூரில் இருக்கிற யாருக்கும் இது புரிந்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை எப்போது வீடு திரும்புவது என்பதை வைத்துத்தான் நம் கல்யாணங்களுக்கே நேரம் குறிக்கிறோம். ஏற்பாட்டாளர்களுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தார்கள். சட்டை அச்சடிக்கிற அவசரத்தில் நாங்கள்தான் யோசிக்கவில்லை.

சென்னைப் பாடகர் நன்றாகவே பாடினார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் இறங்கியதும் வண்டிகள் நகரத் தொடங்கின. குலுக்கல் முடிந்ததும் மிச்சக் கூட்டமும் கரைந்தது. முகிலன் அண்ணன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பாட்டு கேட்டுட்டுப் போலாம்னுதான் இருந்தேன். இவனுங்க பேசியே எட்டாக்கிட்டானுங்க. கெளம்புவோம்லா.”

“அண்ணே, இது சோதனைன்னு சொல்லியிருக்காங்க. நீங்க போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க” என்றேன்.

“நாலு பேரு நின்னா மட்டும் கூட்டம் ஆயிருமா?”

“உனக்கென்னா” என்றான் யூசுப். “நாளைக்கு எந்திரிச்சு, பசியாறிட்டு, வீட்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுவ. நாங்க மூணு மணிக்கு எந்திரிக்கணும். பேசாம ஏறு.”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மேடையில் டிரம்ஸை இழுத்து வைத்துக்கொண்டிருந்தவருக்கும் அதே திங்கட்கிழமைதான். அவர் இருந்தார். கேட்டு வாங்கியவர்கள் போனார்கள். பிரேமா அக்கா மட்டும் என் கையைப் பிடித்து, “எப்படி வருவ, பாத்து வந்துரு” என்றார். முதல் பாட்டு தொடங்கும் முன்பே வேன் சாலைக்கு ஏறிவிட்டது.

திடலில் இருநூறு பேர் இருந்திருப்போம். “முன்னாடி வாங்க, இன்னிக்கு எடம் நெறைய இருக்கு” என்றார் தேவி அக்கா. போனோம். ஒரு பாட்டையும் அவர் குறைக்கவில்லை. நான்காவது, மெதுவான பாட்டு; வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கிப்போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தப் பாட்டின் நடுவில் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். டக், டக் என்று, பாட்டின் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்கள், பயனில்லை. தேவி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார்.  எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் என்னைக் குளுவாங்வரை ஏற்றிக்கொண்டது. டவுனில் ஒரு சின்ன விடுதி, தொண்ணூறு வெள்ளி, சுத்தமான அறை. மறுநாள் காலை பஸ்ஸில் ஜொகூர் பாரு வந்தேன். வரும் வழியில் கைப்பேசியில் ஏற்பாட்டாளர்கள் போட்ட படம் வந்தது. மேலிருந்து எடுத்தது, பாதி காலியான திடல், ஓரத்தில் அடுக்கிய நாற்காலிகள். ‘ரசிகர்களின் முடிவை மதிக்கிறோம், அடுத்த ஆண்டு பழைய நிரல்படியே’ என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் நின்ற இடம் படத்தின் மூலையில் ஒரு புள்ளியாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குடையும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் தொடர்பு திடலில் சரியாக இல்லை, பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி இல்லாவிட்டால் குளுவாங்கில் தங்கிவிடுவது நல்லது. திங்கட்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் தவறு இல்லை. ஆனால் நீங்கள் இருக்கப்போகாத நேரத்தை யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தேவி அக்காவின் குழுப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: குளுவாங்கில் ஒரு சின்ன மண்டபம் பார்த்திருக்கிறார்கள், சனிக்கிழமை பிற்பகல், மைக் அவர்களுடையதே, வந்தால் போதும். அதை அப்படியே எங்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன்.

ஐந்து நிமிடத்தில் முகிலன் அண்ணன் எழுதினார்: “சனிக்கெழம எனக்கு ஓவர்டைம் இருக்கே. ஞாயித்துக்கெழமைக்கு மாத்தச் சொல்லி எல்லாரும் சேந்து கேட்டுப் பாக்கலாமா?”

“எதுவும் கேட்க வேண்டாம் அண்ணே” என்று எழுதினேன். “முடிஞ்சா வந்து நில்லுங்க.”